உப்பின் பாதை – 14: எட்டு ரூபாய் அபராதம்

சென்ற இதழில் பிரான்சில் நின்றிருந்தோம். ஒரு மாகாணத்தில் மலிவாகக் கிடைத்த உப்பை அடுத்த மாகாணத்துக்குத் தூக்கிச் சென்றவனை அந்நாட்டு அரசன் துடுப்பு வலிக்கும் கப்பலுக்கு அனுப்பினான். ஆயுதத்தோடு கூட்டமாகப் போனவனுக்கு மரண தண்டனை. 1790-இல் புரட்சி அரசு அந்த உப்பு வரியை ஒழித்தது. கிட்டத்தட்ட அதே முறை, அதற்குப் பிறகு, நம் நாட்டில் வளர்ந்தது. வளர்ந்தது என்ற சொல்லை யோசித்துத்தான் எழுதுகிறேன். இங்கே எல்லைக்கோட்டையே விதை போட்டு, வாய்க்கால் வெட்டித் தண்ணீர் பாய்ச்சி, உயிருள்ள வேலியாக வளர்த்தார்கள்.

உள்நாட்டுச் சுங்கக் கோடு என்று அதற்குப் பெயர். கோட்டின் ஒரு பக்கம் உப்பு விளையும் ராஜபுதனத்துச் சமஸ்தானங்களும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களும். மறுபக்கம் ஆங்கிலேயர் நேரடியாக ஆண்டு, உப்புக்கு வரி வாங்கிய வங்காளமும் வடமேற்கு மாகாணங்களும். ஜெய்ப்பூருக்கும் ஜோத்பூருக்கும் பொதுவான சாம்பார் ஏரியில் கோடை வந்தால் உப்பு தானாகப் பூத்துக் கிடக்கும். அதை அள்ளிப் பொதிமாட்டில் ஏற்றிக் கிழக்கே கொண்டுவருவது தலைமுறை தலைமுறையாக நடந்த வியாபாரம். நம் பழைய உமணர்கள் வண்டி கட்டிக்கொண்டு கடற்கரையிலிருந்து உள்நாட்டுக்குப் போனதைப் போல, அங்கே லம்பாடிகள் மாட்டு மந்தையோடு போய்வந்தார்கள். கம்பெனியார் ஒரு நாள் அந்த வழியின் குறுக்கே கோடு கிழித்தார்கள். அதுவரை வியாபாரி என்று அறியப்பட்டவன் மறுநாள் கள்ளக்கடத்தல்காரன் ஆனான்.

ஒரே நாளில் நடந்துவிட்டது போல எழுதிவிட்டேன். உண்மையில் நிதானமாகவே நடந்தது. 1803 முதல் வங்காளத்தில் அங்கங்கே சுங்கச்சாவடிகள் வந்தன. 1823-இல் ஆக்ராவின் சுங்க அதிகாரி ஜார்ஜ் சாண்டர்ஸ் மிர்சாபூர்ப் பக்கத்தில் கங்கையையும் யமுனையையும் ஒட்டி வரிசையாகச் சாவடிகளை நிறுத்தினார். 1834-இல் சுங்க ஆணையரான ஜி. எச். ஸ்மித் ஏறக்குறைய 20 ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்து, சில்லறைப் பொருள்களை விட்டுவிட்டு உப்பின்மேல் முழுக் கண்ணையும் வைத்தார். 1857 கலகம் அடங்கி ராணியின் ஆட்சி வந்த பிறகு துண்டு துண்டாக இருந்த கோடுகள் இணைக்கப்பட்டன. 1869 வாக்கில் சிந்து நதியில் தொடங்கி, முல்தான், ஆக்ரா, ஜான்சி, புர்ஹான்பூர் என்று இறங்கி, கிழக்கே திரும்பி மகாநதி வரை ஏறத்தாழ 2,300 மைல் நீளத்துக்கு ஒரே கோடு. கன்னியாகுமரியிலிருந்து சாலை வழியே ஸ்ரீநகர் போய்ச் சேரும் தூரத்துக்குக் கிட்டத்தட்டச் சமம்.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தக் கதை முழுவதும் கணக்கில்தான் இருக்கிறது.

வடக்கே ஒரு மணங்கு உப்புக்கு வரி 3 ரூபாய். நம் பக்கத்துப் பழைய மணங்கு 25 ராத்தல். அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது வங்க மணங்கு, 82 ராத்தல், இன்றைய அளவில் 37 கிலோவுக்குச் சற்று மேல். வயலில் கூலி வேலை செய்தவருக்கு அந்தக் காலத்தில் அங்கே மாதம் 3 ரூபாய் கிடைத்தால் அதிகம். ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு அரை மணங்கு போதும் என்று சிக்கனமாகவே வைத்துக்கொண்டாலும், வரி மட்டும் ஒன்றரை ரூபாய், அதாவது பதினைந்து நாள் கூலி. உப்பின் விலை, வண்டிக்கூலி, கடைக்காரர் லாபம் எல்லாம் அதற்கு மேல். ஆடுமாடு வைத்திருப்பவருக்கு அவற்றுக்கும் உப்பு வேண்டும்.

கோட்டின் மேற்கே இந்த 3 ரூபாய் கிடையாது. நடந்தால் போய்விடக்கூடிய தூரத்தில், அதே ஏரியில் விளைந்த அதே உப்பு, வரியில்லாமல் கிடக்கிறது. ஒரு மணங்கைத் தலையில் சுமந்து இந்தப் பக்கம் கொண்டுவந்துவிட்டால் ஒரு மாதக் கூலி மிச்சம். அரசாங்கம் இதை நன்றாகவே புரிந்துவைத்திருந்தது. அதனால்தான் சாவடியோடு நிற்காமல் வேலி போட்டது.

முதலில் வெட்டிப்போட்ட காய்ந்த முள்தான் வேலி. கருவேல முள்ளையும் இலந்தை முள்ளையும் வெட்டிக்கொண்டுவந்து மைல் கணக்கில் குவித்தார்கள். கரையான் அரித்தது, எலி குடைந்தது, காற்று தூக்கிப் போனது. ஒரு தீப்பொறி பட்டால் நாள் முழுக்க எரிந்தது. ஆண்டுக்குப் பாதி வேலியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஒரு மைல் காய்ந்த வேலிக்கு 250 டன் முள் வேண்டும் என்று கணக்குப் போட்டவர் ஆலன் ஆக்டேவியன் ஹ்யூம். 1867 முதல் 1870 வரை உள்நாட்டுச் சுங்க ஆணையராக இருந்தவர். ஆம், பின்னால் காங்கிரஸ் மகாசபையைத் தோற்றுவித்த அதே ஹ்யூம்தான். அவரைப் பற்றிக் கடைசியில் பேசுவோம்.

ஹ்யூம் பறவைகளைத் தேடித் திரிந்தவர். மண்ணையும் செடியையும் அறிந்தவர். எந்த மண்ணில் எந்த முள் பிடிக்கும் என்று சோதித்துப் பார்த்தார். கருவேலம், இலந்தை, களா, மண் மோசமான இடத்தில் சப்பாத்திக்கள்ளி, இன்னும் வேறு கள்ளிகள். உவர் நிலத்தில் நல்ல மண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்து கொட்டினார்கள். மழைநீரைத் திருப்ப வாய்க்கால், வெள்ளம் வந்தால் தாங்கக் கரை, பக்கத்திலேயே ரோந்துப் பாதை. நன்றாக வளர்ந்த இடங்களில் வேலி ஆள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு, பத்தடிக்கும் மேல் நின்றது. அகலமும் சில இடங்களில் அதே அளவு. நரி நுழைய முடியாத அடர்த்தி. 1877–78 வாக்கில் முழுமையான பச்சை வேலி மட்டும் 400 மைலுக்கு மேல். பச்சையும் காய்ந்ததும் கலந்த வேலி, வெறும் முள் வேலி, கல் கிடைத்த இடத்தில் கல்சுவர் என்று மீதி. பின்னாளில் சென்னை மாகாண ஆளுநராக வந்த கிராண்ட் டஃப் இதைச் சீனப் பெருஞ்சுவரோடு ஒப்பிட்டார்.

இத்தனை உழைப்பையும் ஒரு பஞ்சம் தாங்கும் குளத்துக்கோ ஊர்ச் சாலைக்கோ போட்டிருந்தால் என்று நினைக்காமல் என்னால் இந்த இடத்தைத் தாண்ட முடியவில்லை. 1869 என்ற ஒரே ஆண்டில் சுங்கக் காவலர்கள் சுமந்த முள் 1,50,000 டன்னுக்கும் மேல். வெட்டிய மண் 20 லட்சம் கன அடி.

இப்படிப்பட்ட வேலியை ஒருவர் எப்படித் தாண்டுவார்? முறைப்படி போக வேண்டுமென்றால் சாலை குறுக்கிடும் இடத்தில் உள்ள சௌக்கிக்குப் போக வேண்டும். 1,700-க்கும் மேற்பட்ட காவல் நிலைகள் கோடு முழுக்க இருந்தன. வண்டியும் மூட்டையும் சோதனைக்கு உட்பட்டவை. உப்பு மட்டும் அல்ல. கிழக்கிலிருந்து மேற்கே போகும் சர்க்கரைக்கும் சுங்கம் உண்டு. ஆகவே இரண்டு திசையிலும் சோதனை. வேலிக்கு இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் உறவுமாக வாழ்ந்தவர்கள் சீர்வரிசையோடு போனாலும் மூட்டையை அவிழ்க்க வேண்டியதுதான்.

முறைதவறிப் போகிறவர்கள் காலத்துக்குத் தக்க வழி கண்டுபிடித்தார்கள். காவல் தளர்வாக இருந்த ஆரம்ப நாள்களில் ஒட்டகக் கூட்டத்திலும் மாட்டு மந்தையிலும் உப்பேற்றிக்கொண்டு, கையில் ஆயுதத்தோடு, இரவில் கோட்டை உடைத்துக்கொண்டு போனார்கள். இது பணமும் ஆளும் உள்ள பெரிய கோஷ்டிகளின் வேலை. வேலி இறுகியதும் அது குறைந்தது. உப்பை வேறு சரக்குபோலக் காட்டிக் கடத்துவது வந்தது. வேலிக்கு மேலே மூட்டையை வீசுவதும், மறுபக்கத்தில் கூட்டாளி எடுத்துக்கொண்டு ஓடுவதும் வந்தது. இன்னொரு சூட்சுமமும் உண்டு. கள்ள உப்பைக் காட்டிக்கொடுப்பவருக்கு வெகுமதி இருந்தது. சிலர் தாங்களே உப்பை வேலியின் உட்பக்கம் ஒளித்துவைத்துவிட்டு, ‘அதோ கள்ள உப்பு’ என்று தாங்களே காட்டி வெகுமதி வாங்கினார்கள்.

பிடிபட்டவர்களின் எண்ணிக்கை சுங்க அறிக்கைகளில் இருக்கிறது. 1868-இல் கோட்டில் பிடிபட்டுத் தண்டிக்கப்பட்டவர்கள் 2,340 பேர். 1873–74-இல் 3,271 பேர். 1877–78-இல் 6,077 பேர். காவல் இறுகியது இந்த ஏற்றத்துக்கு ஒரு காரணம். கடைசி எண்ணுக்கு நேரே இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: 1877-இல் வடமேற்கு மாகாணங்களிலும் மழை பொய்த்தது.

தண்டனை என்ன? பிடித்த உப்பு போய்விடும். அதற்கு மேல் அபராதம், சராசரியாக 8 ரூபாய். கட்ட முடியாவிட்டால் ஆறு வாரம் சிறை.

பிரான்சின் துடுப்புக் கப்பலைப் படித்துவிட்டு இதைப் பார்க்கும்போது மனம் இளகிய அரசாங்கம் போலத்தான் தோன்றும். பழைய அறிக்கைகளை எழுதிய அதிகாரிகளுக்கும் அப்படித் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த 8 ரூபாயை மாதம் 3 ரூபாய் வாங்கும் கூலிக்காரரின் கையில் வைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட மூன்று மாதச் சம்பாத்தியம். அவர் குடும்பம் ஐந்து ஆண்டுகளுக்குக் கட்டும் உப்பு வரி. இரண்டு படி உப்பு மடியில் இருந்ததற்கு ஐந்து ஆண்டு வரியை ஒரே நாளில் எடுத்துவை என்றால் யார் எடுத்துவைப்பார்கள்? வட்டிக்காரரிடம் போக வேண்டும், அல்லது மாட்டை விற்க வேண்டும். இரண்டுக்கும் வழியில்லாதவருக்குச் சிறை. ஆறு வாரம் என்பது அறுவடை நேரத்தில் வந்தால் அந்த ஆண்டின் கூலியே போன மாதிரி. பெரிய கோஷ்டிக்கோ 8 ரூபாய் ஒரு வண்டிச் செலவு. ஒரே தண்டனை இரண்டு பேரின்மேலும் ஒரே கனத்தோடு விழவில்லை.

காவல் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். வேலியின் காவலர்கள் பெரும்பாலும் இந்தியர்கள். 1869-இல் 136 அதிகாரிகள், 2,499 சிறு உத்தியோகஸ்தர்கள், 11,288 காவலர்கள்; 1872-இல் எல்லாருமாக 14,188 பேர். சாதாரணக் காவலருக்கு மாதச் சம்பளம் ஏறத்தாழ 5 ரூபாய். வயல்கூலியைவிட அதிகம்தான். ஆனால் சொந்த ஊர்ப் பக்கம் நியமிக்க மாட்டார்கள், கடத்துபவரோடு உறவு வந்துவிடும் என்று. மனைவியை அழைத்துவரவும் அனுமதி இல்லை. பகல் பன்னிரண்டு மணி, இரவு பன்னிரண்டு மணி என்று முறை. நடக்க வேண்டும், முள் சுமக்க வேண்டும், வேலியைக் கத்தரிக்க வேண்டும். சம்பளத்துக்கு மேலே கிடைப்பது, பிடித்த சரக்கில் பங்கு. கடத்துபவர் ஒரு ரூபாயை நீட்டி ‘கண்ணை மூடிக்கொள்ளுங்கள் ஜமேதார் சாகேப்’ என்று சொன்னால், அந்த ஒரு ரூபாய் ஆறு நாள் சம்பளம். இந்தத் துறையில் லஞ்சம் ஏன் ஊறிக் கிடந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

1876–77 ஆண்டில் மட்டும் 800-க்கு மேற்பட்டவர்கள் வேலையை விட்டு நீங்கினார்கள் அல்லது நீக்கப்பட்டார்கள். பணியில் இறந்தவர்கள் 115. பணிநீக்கம் 276. விடுப்பில் போய்த் திரும்பி வராதவர்கள் 360. இந்த 360 என்ற எண்ணில் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். ஊருக்குப் போனார்கள், திரும்பவில்லை. அவ்வளவுதான் பதிவு.

1877 செப்டம்பரில் நடந்தது வேறு மாதிரி. 112 பேர் கொண்ட கடத்தல் கூட்டம் ஒன்றை இரண்டே காவலர்கள் மறிக்கப் போனார்கள். இருவரும் கொல்லப்பட்டார்கள். கூட்டத்தில் பலர் பின்னர் பிடிபட்டார்கள். சிலருக்குச் சிறை, சிலருக்குத் தீவாந்தரம். மாதம் 5 ரூபாய் வாங்கிய இரண்டு பேரும், ஒரு மூட்டை உப்பில் ஒரு மாதக் கூலியைத் தேடிய நூற்றுச் சொச்சம் பேரும் ஒரே நாட்டின் ஒரே வறுமையிலிருந்து வந்து இருட்டில் மோதிக்கொண்டார்கள். வரியை நிர்ணயித்தவர்கள் கல்கத்தாவில் இருந்தார்கள்.

இந்த வேலி ஆண்டுக்கு 16 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேல் விழுங்கியது. 1869–70-இல் கோடு வசூலித்துக் கொடுத்த உப்பு வரி 1 கோடியே 25 லட்சம். லாபக் கணக்கில் பார்த்தால் பிழையில்லை. ஆனாலும் ஆங்கிலேய அதிகாரிகளிடையே சங்கடம் இருந்தது. வைசிராயின் சபையில் நிதி உறுப்பினராக இருந்த ஜான் ஸ்ட்ரேச்சி, நாகரிக நாடு எதிலும் இதற்கு இணை காண்பது அரிது என்ற பொருளில் கண்டித்தார். வியாபாரம் முடங்குகிறது, போக்குவரத்து முடங்குகிறது, மக்கள் துன்புறுத்தப்படுகிறார்கள் என்பது அவர் வாதம். நியாயமான வாதம். வேலியை எடுத்துவிட அவர் முடிவு செய்தார்.

எப்படி எடுத்தார் என்பதில்தான் நம் கதை தொடங்குகிறது. வழக்கமாக இந்த வேலியைப் பற்றி எழுதுபவர்கள் 1879 ஏப்ரல் 1 அன்று அது கைவிடப்பட்டது என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். தமிழ் வாசகர் அங்கே நிறுத்தக் கூடாது.

கள்ளக்கடத்தலை நிறுத்த இரண்டு காரியம் தேவை என்று அரசாங்கம் கண்டது. ஒன்று, உப்பு விளையும் இடத்தையே கைப்பற்றுவது. வைசிராய் மேயோ பிரபு காலத்தில் 1870 வாக்கிலேயே சாம்பார் ஏரி ஜெய்ப்பூர், ஜோத்பூர் அரசர்களிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்டது. 1879-இல் மற்ற ராஜபுதனச் சமஸ்தானங்களோடும் ஒப்பந்தம் போட்டார்கள். ஏரிக்கரையிலேயே வரியை வாங்கிவிட்டால் நடுவழியில் மறிக்க வேண்டாம். அரசர்களுக்கு நஷ்ட ஈடு கிடைத்தது. மூடப்பட்ட சிறு உப்பளங்களில் வேலை செய்தவர்கள் வேறு பிழைப்புத் தேடினார்கள்.

இரண்டாவது காரியம் தெற்கைப் பற்றியது. கோட்டின் தென்பகுதி, அதாவது புர்ஹான்பூரிலிருந்து மகாநதி வரை போனது, ராஜபுதன உப்பைத் தடுக்க அல்ல. அங்கே கள்ள உப்பு என்று கருதப்பட்டது பம்பாய் உப்பும் சென்னை மாகாண உப்பும். நம் கடற்கரையில் விளைந்த உப்பும் வரி கட்டிய உப்புதான். 1805 முதலே சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் ஏகபோகம். ஆனால் இங்கே வரி மணங்குக்கு 1 ரூபாய் 13 அணா. வடக்கே 3 ரூபாய். வித்தியாசம் 19 அணா. அந்தப் 19 அணாவுக்காகத்தான் மத்திய மாகாணக் காடுகளுக்குள் முள் நட்டார்கள்.

வித்தியாசம் இருக்கும்வரை வேலியை எடுக்க முடியாது. வித்தியாசத்தை எப்படிப் போக்குவது? வடக்கே வரியை 1 ரூபாய் 13 அணாவுக்குக் குறைத்திருக்கலாம். கஜானா தாங்காது என்றார்கள். ஆகவே வடக்கைக் கொஞ்சம் இறக்கி, தெற்கை ஏற்றினார்கள். 1878-இல் சென்னையிலும் பம்பாயிலும் மணங்குக்கு 2 ரூபாய் 8 அணா. ஒரே தாவலில் 11 அணா உயர்வு. மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். வடக்கே ஏறத்தாழ 13 கோடிப் பேருக்கு வரி குறைந்தது, தெற்கிலும் மேற்கிலும் 4 கோடியே 70 லட்சம் பேருக்குக் கூடியது. பெரும்பான்மைக்கு லாபம் என்பது அரசின் கணக்கு.

1878. சென்னை மாகாணத்தில் அது என்ன காலம்?

தாது வருஷம் முடிந்து ஓராண்டுகூட ஆகவில்லை. 1876 பருவமழை பொய்த்ததில் தொடங்கி இரண்டு ஆண்டுகள் நீடித்த பஞ்சத்தை நம் பாட்டன்மார் தாது வருஷப் பஞ்சம் என்றே பெயரிட்டு வைத்தார்கள். ஆங்கில ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள் என்பது பஞ்சத்தைப் பற்றிய மதிப்பீடு. நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளுக்கு ஒரு ராத்தல் தானியம் போதும் என்று பஞ்சத்தைப் பார்வையிட அரசாங்கம் அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் 1877 தொடக்கத்தில் கூலியைக் குறைத்ததும், இது உயிர் வாழவே போதாது என்று மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்துப் போராடியதும் பதிவில் உள்ளவை. கஞ்சித்தொட்டிகளில் நின்றவர்கள் ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்தார்கள். மாடுகள் செத்துப்போயிருந்தன. விதை நெல் இல்லை. அந்த ஆண்டில் அவர்கள் கஞ்சியில் போடும் உப்புக்கு 11 அணா ஏறியது.

வடக்கே முள்வேலி விழுந்ததைப் படித்து நான் மகிழ்ந்திருக்கிறேன். இந்தத் தொடருக்காகத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் அந்த வேலியை எடுத்த கூலியை யார் கொடுத்தார்கள் என்பது எனக்கு உறைத்தது. மரக்காணத்திலும் வேதாரண்யத்திலும் தூத்துக்குடியிலும் உப்பளத்தின் பக்கத்திலேயே குடியிருந்தவர்கள் கொடுத்தார்கள். வேலியை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை. அது இருந்ததே அவர்களில் பலருக்குத் தெரிந்திருக்காது.

வேலி போனதும் தண்டனை போய்விடவில்லை. எல்லையில் நின்ற காவல் உப்பளத்துக்கு வந்தது. கரையோரத்தில் தானாகப் பூத்த உப்பைச் சுரண்டி எடுத்தாலும், உவர்மண்ணைக் கரைத்துக் காய்ச்சினாலும் குற்றம். வடக்கே ஒருவர் குற்றவாளி ஆக மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஒரு கோட்டைத் தாண்ட வேண்டியிருந்தது. தெற்கே குனிந்து எடுத்தாலே போதும். அந்தக் குனிதல் 1930-இல் வேதாரண்யத்தில் என்ன ஆனது என்பதைப் பின்னால் விரிவாகப் பார்க்கப்போகிறோம். இப்போது அவசரப்பட வேண்டாம்.

கைவிடப்பட்ட வேலி வேகமாக மறைந்தது. விறகுக்கு வெட்டினார்கள். வேலியோரத்து ரோந்துப் பாதை சில இடங்களில் ஊர்ச்சாலை ஆனது, சில இடங்களில் உழவுக்குள் போனது. பள்ளிப் பாடப் புத்தகத்தில் அதற்கு இடமில்லை. 1990-களில் லண்டனில் ராய் மாக்ஸம் என்பவர், தக்கர்களை அடக்கிய ஸ்லீமனின் பழைய நூல் ஒன்றை வாங்கிப் படிக்கும்போது அடிக்குறிப்பில் இப்படி ஒரு வேலியைப் பற்றிய செய்தி இருப்பதைக் கண்டார். நம்பாமல் தேடத் தொடங்கினார். ஆவணங்களைத் தேடி, பழைய நிலப்படங்களைத் தேடி, இந்தியாவுக்குப் பல முறை வந்து அலைந்து, கடைசியில் உத்தரப் பிரதேசத்தின் எட்டாவா மாவட்டத்தில் முள் வளர்ந்த மண்கரை ஒன்றைக் கண்டுபிடித்தார். 2001-இல் அவர் எழுதிய நூல் வராமல் இருந்திருந்தால், இந்த அத்தியாயத்தில் பாதியை நான் எழுதியிருக்க முடியாது. அவர் போன்ற வெளியார் ஒருவர் வந்து தோண்டும்வரை நாம் இதை மறந்திருந்தோம் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு.

எட்டாவா என்றதும் ஹ்யூம் நினைவுக்கு வருகிறார். சுங்க ஆணையர் ஆவதற்கு முன், 1857-இல், அவர் அந்த மாவட்டத்தின் கலெக்டர். அங்கே பள்ளிகளைத் திறந்தவர், மக்கள் மதித்த அதிகாரி. அடுத்து வேலியை வளர்த்தவர். அதற்கடுத்து, அரசாங்கத்தோடு முரண்பட்டு வேலையை விட்டு வெளியேறி, இந்தியர்கள் கூடிப் பேச ஒரு சபை வேண்டும் என்று ஊர் ஊராகக் கடிதம் எழுதியவர். இந்த மூன்று மனிதரும் ஒருவரே என்பதை நான் சமாதானம் செய்துகொள்ள முயன்று விட்டுவிட்டேன். அவர் தம் வேலையை நேர்மையாகச் செய்தார். அந்த வேலை இப்படிப்பட்டது.

1885 டிசம்பர் 28. பம்பாயில் கோகுல்தாஸ் தேஜ்பால் சமஸ்கிருதக் கல்லூரி மண்டபத்தில் காங்கிரஸின் முதல் மாநாடு. 72 பிரதிநிதிகள், தலைமையில் உமேஷ் சந்திர பானர்ஜி. முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் சென்னையின் ஜி. சுப்பிரமணிய ஐயர். அந்த மாநாட்டில் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வழக்கறிஞர் ஒருவரும் இருந்தார்: எஸ். ஏ. சாமிநாத ஐயர். தாது வருஷத்தைக் கண்டு எட்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவர் எழுந்து உப்பு வரியைப் பற்றிப் பேசினார். மாநாட்டைக் கூட்டிய ஹ்யூமும் அங்கே இருந்தார்.

(தொடரும்)